சிற்றாறு கேட்கும் கேள்வி



குற்றாலத்திலே குதித்து விழும் சிற்றாறு, வீரகேரளம்புதூரைத் தொட்டு ஓடி, சீவலப்பேரியிலே பொருநையோடு கலக்கிறது. தண்ணீருக்கு மட்டுமா அது வழி? அருவிக்கரையிலே கிழித்தெறியப்படும் ஷாம்புப் பொட்டலத்துக்கும் அதுவே வழி!

அந்தப் பொட்டலத்தை அற்பமென்று எண்ணிவிடாதீர்கள். மேலாண்மைக் கல்லூரிகளிலே அது ஒரு பாடம்! கோயம்புத்தூரிலே பிறந்து மிச்சிகனிலே பேராசிரியராயிருந்த சி. கே. பிரகலாத், 2004-ல் வெளியிட்ட நூலிலே, ஏழையையும் வாடிக்கையாளனாக்கும் வழிகளுள் ஒன்றாகச் சிறு பொட்டலத்தைக் காட்டினார். விற்கும் வித்தை விரிவாக விளக்கப்படுகிறது. வெற்றுப் பொட்டலத்தை யார் பொறுக்குவது? அந்தக் கேள்வி வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடுகிறது!

கல்லூரி முதலாளிகள் எதற்கு அஞ்சுகிறார்கள்? ஆற்றுக்கா? அல்ல, தரச்சான்றுக்கு! எனவே அந்த அங்குசத்தையே கையிலெடுக்க வேண்டும் என்கிறோம். 1994-ல் தோன்றிய ‘நாக்’ அமைப்பு, 2017-ல் திருத்திய மதிப்பீட்டு முறையிலே, சுற்றுச்சூழலை ஏழாவது அளவுகோலில் சேர்த்தது. ஆயிரம் மதிப்பெண்ணில் அந்த அளவுகோலுக்குக் கிடைத்தது 100. அதையும் பாலின சமத்துவம், சிறந்த நடைமுறை, தனித்தன்மை எனப் பலவும் பங்கு போட்டுக்கொண்டன! கூரையிலே சூரியத் தகடு உண்டா, மழைநீர்த் தொட்டி உண்டா என்று கேட்டார்கள். வேண்டியவைதாம், மறுக்கவில்லை. ஆனால் தகடு கட்டடத்தைத் திருத்தும். நாளைய மேலாளனைத் திருத்துமா?

“அந்தச் சான்றே விலைபோகிறதே” என்று சிலர் நகைக்கிறார்கள். 2025 பிப்ரவரியில், நல்ல தரநிலை தரக் கையூட்டு வாங்கியதாக ‘நாக்’ ஆய்வுக்குழுவினரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது உண்மை. வெட்கக்கேடுதான்! தராசு பொய்த்தால் தராசைத் திருத்துவோம், சந்தையையா மூடுவோம்? ஆய்வறிக்கை முழுவதையும் ஊரறிய வெளியிடட்டும். இருட்டிலே எழுதுவதால்தானே பேரம் நடக்கிறது!

1916-ல் அமெரிக்காவில் தோன்றிய ஏ.ஏ.சி.எஸ்.பி. என்னும் வணிகக் கல்வித் தரச்சான்று அமைப்பு, 2020-ன் புதிய விதிகளிலே, “உன்னால் சமுதாயத்துக்கு விளைந்தது என்ன?” என்று கல்லூரியை அழுத்திக் கேட்டது. கடல் கடந்தவர்கள் கேட்கலாம், நாம் கேட்கக் கூடாதா?

நெல்லைச் சீமைக்கு வரும் ஆய்வுக்குழு, கல்லூரி விருந்தோடும் கோப்புகளோடும் திரும்ப வேண்டாம். வீரகேரளம்புதூர் ஆற்றங்கரைக்கு வரட்டும். பொட்டலம் போட்ட நிறுவனமே அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்கவேண்டும் என்று 2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. கரையொதுங்கிய பொட்டலம் ஒன்றைக் கையிலெடுத்து, “இதை மீட்கும் செலவை எந்தக் கணக்கிலே எழுதுவாய்?” என்று இறுதியாண்டு மாணவனைக் கேட்கட்டும். அந்த விடைக்கு மதிப்பெண் போடட்டும்!