திரையில் வரலாறு: தேடும் பிள்ளைக்கு எது கிடைக்கும்?

ஒன்ராறியோவின் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம் 2021இல் நிறைவேறியது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கும், 2025 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டை விசாரிக்க மறுத்ததோடு முடிந்துவிட்டது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் சட்டத்தின் வாசகத்தை எத்தனை பேர் படித்தோம்? மே 18இல் முடியும் அந்த ஏழு நாட்களில், மக்கள் இதைப் பற்றித் தாமே அறிந்துகொள்ளும்படி ஊக்குவிக்கப்படுகிறார்கள் என்றே அது சொல்கிறது. பள்ளிப் பாடத்திட்டத்தில் ஒரு பக்கத்தைக்கூட அது கட்டாயமாக்கவில்லை.

தாமே அறிந்துகொள்வது என்றால் இன்றைய உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு அது கணினித் திரைதான். 10ஆம் வகுப்பின் கட்டாய வரலாற்றுப் பாடத்துக்குக் கட்டுரை எழுதும் பிள்ளை முதலில் தட்டுவது தேடுபொறியை. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியை. அங்கே என்ன வந்து நிற்கிறது, அதைப் பிள்ளை எப்படி எடைபோடுகிறது என்பதே இனி எங்கள் கவலையாக இருக்க வேண்டும்.

கவலைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டது. அமெரிக்கத் தேர்தல் மோசடி என்று சொல்லப்பட்ட ஒரு காணொளியைக் காட்டினார்கள். உண்மையில் அது ரஷ்யாவில் எடுத்தது. 52 சதவீதமானோர் அதை வலுவான சான்று என்றார்கள். கையில் இணையம் இருந்தும் அதன் மூலத்தைக் கண்டுபிடித்தவர்கள் 3 பேர் மட்டுமே. 2024இல் யுனெஸ்கோ இன்னொரு எச்சரிக்கை விடுத்தது: நாசிகளின் யூதப் படுகொலை பற்றிக் கேட்டால், செயற்கை நுண்ணறிவு நடக்காத சம்பவங்களையும் உண்டாக்கிச் சொல்கிறது. மலைபோல ஆவணம் உள்ள வரலாற்றுக்கே இந்தக் கதி என்றால், 1981இல் நூலகத்தையே எரியக் கொடுத்த எங்கள் கதி என்ன?

அதற்காகக் கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதை நன்றாகப் பயன்படுத்தியவர்களைப் பார்ப்போம். 1994இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளை, உயிர் தப்பியவர்களின் 50,000க்கும் மேற்பட்ட சாட்சியங்களை ஒளிப்பதிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு பதிவும் நிமிட வாரியாக, ஊர், சம்பவம், பொருள் என்று அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளது. மாணவர் தேடினால் அந்தச் சாட்சி அந்த ஊரைப் பற்றிப் பேசும் நிமிடத்துக்கே போகலாம். ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தப் பயிற்சிகளும் உண்டு.

எங்களிடம் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. பெறுமதியான வேலை. ஆனால் அதில் பெரும்பகுதி தமிழில். தமிழ் வாசிக்காத எங்கள் பிள்ளைக்கும் அவர்களின் ஆசிரியருக்கும் அது பூட்டிய அறை. மிச்சம் எங்கள் அலுமாரிகளிலும் கைபேசிகளிலும் கிடக்கிறது. மே மாதம் வந்தால் வட்ஸ்அப்பில் சுற்றும் படங்களை எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று நாமே கேட்பதில்லை. பற்றுச்சீட்டு இல்லாத செலவைக் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார். ஒரு பொய்ச் சீட்டு அகப்பட்டால் முழுக் கணக்கையும் சந்தேகிப்பார். வரலாற்றுக்கும் அதே விதிதான்.

ஆகவே இரண்டு வேலைகள் செய்யலாம். ஒன்று, வீட்டிலுள்ள முதியவர்களின் சாட்சியத்தைத் திகதி, இடம், பதிவு செய்தவர் விபரத்தோடு பதிந்து, ஆங்கிலச் சுருக்கமும் சேர்த்து வைப்பது. ஊரில் உறவுகள் இருப்பதால், அவர்களின் சம்மதம் இல்லாமல் பெயரோ முகமோ வெளிவரக்கூடாது. மற்றது, 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையையும், அதே ஆண்டு இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழு தந்த அறிக்கையையும் பிள்ளையோடு அருகருகே திறந்து வைத்து வாசிப்பது. இரண்டும் இணையத்தில் உண்டு. எதை எந்த அறிக்கை சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நாம் சொல்லி நம்புவதைவிட, தானே சரிபார்த்து அறிந்ததை அந்தப் பிள்ளை யார் முன்னாலும் விட்டுக்கொடுக்காது.