வானத்தைப் பாராத வாதங்கள்

சனிக்கோள் ஒன்றுதான். அது மீன ராசியில் புகும் நாளோ நம் இல்லங்களில் இரண்டு. திருக்கணிதப் பஞ்சாங்கம் குறித்த நாள் 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கம் குறித்த நாள் 2026 மார்ச் 6. இடையே பதினொரு மாதங்களுக்கு மேல். திருநள்ளாற்றுத் திருக்கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவது. அங்குச் சென்றுவர விடுப்புக்கு எழுதிக் கொடுத்து, இரயிலில் இடமும் பதிவு செய்தபின், நாள் அதுவன்று என்று கேட்டுத் திகைத்த குடும்பங்கள் தில்லித் தமிழரிடையே உண்டு.

இதையொட்டி எழும் வாதங்களை அலுவலகச் சிற்றுண்டிச் சாலையிலும், திருமணப் பந்தியிலும், என் வீட்டுக் கூடத்திலும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அறிவியல் என்பர் ஒரு சாரார். ஆசாரம் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் ஒன்றே என்பர் மூன்றாமவர். குரல்கள் உயர்கின்றன, காப்பி ஆறிப்போகிறது. ஆயினும் இத்தனை ஆண்டுகளில், "வாருங்கள், மொட்டை மாடிக்குச் சென்று வானத்தைப் பார்ப்போம்" என்று சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. என் குற்றச்சாட்டு இதுவே. மூன்று சாராரையும் நோக்கியே இதனைச் சொல்கிறேன், என்னையும் விலக்கிக்கொள்ளவில்லை.

முதலில், முன்னோர் வகுத்ததைத் தொடக்கூடாது என்போரை நோக்குவோம். எந்த முன்னோர்? கேரளத்தில் நிளா நதிக்கரையில் வாழ்ந்த பரமேசுவரர், பல்லாண்டுகள் கிரகணங்களைத் தம் கண்ணால் கண்டு குறித்துவைத்தார். பழைய கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று தெரிந்ததும் 1431இல் திருக்கணிதம் என்னும் முறையை வகுத்தார். கண்ணாற் கண்டதோடு ஒத்த கணிதம் என்பதே அப்பெயரின் பொருள். அது ஐரோப்பியர் ஆட்சி நம் நாட்டில் காலூன்றுமுன் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியாரும் அவ்வழியே நின்றார். 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். 1874 டிசம்பர் 9 அன்று சூரியனின் குறுக்கே வெள்ளி கடந்ததை நம் மக்களுக்கு விளக்க, உரையாடல் வடிவில் சிறு நூலும் எழுதினார். பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டும் என வாதிட்டார். அவர் ஆசாரத்தைத் துறந்தவரல்லர், பொய்க்கணக்கைத் துறந்தவர். ஆகலின், திருத்துவதே முன்னோர் மரபு. திருத்தக்கூடாது என்பது பின்னோர் சோம்பல்.

நான் எழுத்தனாகப் பணிபுரிபவன். பழைய ஆணையைப் புதிய ஆணை திருத்தினால் பழையதை எழுதியவரை அவமதித்ததாக எந்த அலுவலகத்திலும் கருதுவதில்லை. திருத்தாமல் விட்டால்தான் கோப்பு கெடும்.

இனி, பஞ்சாங்கம் முழுவதும் மூடத்தனம் என்று கைவீசித் தள்ளுவோரிடம் வருகிறேன். ஐயா, திதி என்றால் என்ன என்று தாங்கள் ஒருமுறையேனும் கேட்டதுண்டா? சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணம் 12 பாகை விரிவதற்கு ஆகும் காலமே ஒரு திதி. இதில் நம்பிக்கை எங்கே வந்தது? இது அளவை. 1765 ஆகஸ்டு 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைத் தமிழ்க் கணக்கர் சோழிகளை வைத்துக் கணித்த முறையால் பெற்ற விடை, உண்மைக்கு 41 விநாடி குறைவு. அந்நாளில் ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த மேயரின் வாய்பாடு தந்த விடையோ 68 விநாடி மிகுதி. இதனை எழுதிவைத்தவர் நம்மவர் அல்லர். புதுச்சேரிக்கு வந்து இக்கணிதத்தைக் கற்ற பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தீய். கற்க வந்த அயலார்க்கு இருந்த பொறுமை, பழிக்க வந்த நமக்கு இல்லை. ஏளனம் அறிவியல் ஆகாது. எதையும் ஆராயாமல் ஏற்பதும் ஆராயாமல் தள்ளுவதும் உழைப்புக்கு அஞ்சுவதில் ஒன்றே.

மூன்றாமவரே எல்லோரிலும் அபாயமானவர். ஆசாரம் ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அறிவியல் உண்மை புதைந்திருக்கிறது என்பார். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி வழியே கங்கண சூரிய கிரகணம் சென்றது. அன்று தமிழகத்தில் பலர் தாம்பாளத்தில் நீர் ஊற்றி, உலக்கையை அதில் நிறுத்தி, கிரகணத்தின் ஈர்ப்பால் அது தானே நிற்கிறது என்று வியந்தனர். அடி தட்டையாக உள்ள உலக்கை எந்நாளும் நிற்கும். மறுநாள் காலையில் நிறுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்ப்பதற்குத்தான் ஆளில்லை. தலைக்கு மேலே சூரியன் பொன் வளையமாய் நின்றபோது, உரிய கண்ணாடி கொண்டு அதைப் பார்க்காமல், கீழே உலக்கையைப் பார்த்து நின்றோம். அறிவியலின் சொற்களைக் கடன் வாங்கி ஆசாரத்துக்கு அணிவிப்பது அறிவியலுக்கும் கேடு, ஆசாரத்துக்கும் இழுக்கு. பக்திக்கு ஈர்ப்புவிசையின் சான்றிதழ் எதற்கு?

வெளியூர் வாழும் நம்மை நேரே தொடும் சான்று ஒன்று கூறுகிறேன். இராகு காலம் என்பது பகற்பொழுதில் எட்டில் ஒரு பங்கு. ஞாயிறன்று அது கடைசிப் பங்கு. ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் பகலுக்கு, மாலை 4.30 முதல் 6 வரை என நாட்காட்டியில் அச்சிட்டார்கள். தில்லியில் டிசம்பர் மாதக் கடைசியில் சூரியன் காலை ஏழு மணிக்குப் பிறகே எழுகிறது. மாலை ஐந்தரை மணியளவில் மறைந்துவிடுகிறது. அதன் பின்னும் ஆறு மணி வரை இராகு காலம் என்று வாசலில் செருப்பைப் போடாமல் காத்திருக்கிறோம். பகல் முடிந்தபின் பகலின் பங்கு ஏது? இராகு காலத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. நம்புகிறவர் அதன் கணக்கையாவது மதிக்கவேண்டாமா?

இப்போது என் சொந்தக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரின் திதி இரு பஞ்சாங்கங்களிலும் அடுத்தடுத்த நாள்களில் வந்தது. சந்திரன் சீரான வேகத்தில் செல்வதில்லை. உண்மையில் ஒரு திதி 20 மணி நேரத்தில் முடிவதுண்டு. 26 மணி நேரத்தைக் கடப்பதும் உண்டு. வாக்கியமோ அதனை 54 நாழிகைக்கும் 65 நாழிகைக்கும் இடையில், அதாவது 21 மணி 36 நிமிடத்துக்கும் 26 மணிக்கும் இடையில், அடக்கிவிடும். அதனால் சில நேரம் நாளே மாறிவிடும். தஞ்சை மாவட்டத்தில், ஊரில் இருக்கும் என் தமையனார் வாக்கியப்படி ஒரு நாள். தில்லியில் நான் திருக்கணிதப்படி முந்தைய நாள். தொலைபேசியில் நான் பாகையும் கலையும் பேசினேன். "தம்பி, நீ சொல்லும் கணக்கு சரியாகவே இருக்கட்டும். அம்மா கண்ணை மூடும்வரை இந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தானே நம் தாத்தாவுக்குச் செய்தாள்?" என்றார் அவர். நான் ஏதோ கடுமையாகச் சொன்னேன். ஏழு மாதங்கள் எங்களுக்குள் பேச்சில்லை. ஒரு தாய்க்கு இரு பிள்ளைகள் இரு நாள்களில் பிண்டம் வைத்தோம்.

அந்த ஏழு மாதங்களில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் பேசியது ஒரு கேள்வியன்று, இரண்டு. சந்திரன் எங்கே நிற்கிறது என்பது ஒன்று. அதற்கு விடை சொல்லும் அதிகாரம் வானத்துக்கே உண்டு. தமையனாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. தாயை எந்நாளில் நினைப்பது என்பது மற்றொன்று. அதற்கு விடை குடும்பத்திடம் இருக்கிறது. எந்தத் தொலைநோக்கியாலும் அதனைக் காண இயலாது. முதல் கேள்விக்கு அன்பை விடையாகத் தருபவர் அறிவைக் கெடுக்கிறார். இரண்டாம் கேள்விக்குக் கணக்கை விடையாகத் தருபவர் உறவைக் கெடுக்கிறார். முதல் பிழை அவருடையது, இரண்டாவது என்னுடையது. மறு ஆண்டு ஊருக்குச் சென்று அவர் குறித்த நாளிலேயே உடனமர்ந்து செய்தேன். சந்திரன் அன்று எங்கே நின்றது என்பதில் மட்டும் நான் இம்மியும் இறங்கிவரவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, நாட்டில் ஏறத்தாழ 30 நாட்காட்டிகள் வழங்குவதைக் கண்டு 1955இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1957 மார்ச் 22 முதல் அரசிதழில் சக ஆண்டு அச்சாகிறது, வீடுகளில் நுழையவில்லை. மேலிருந்து வரும் ஆணையால் மட்டும் இது தீராது என்பதற்கு அதுவே சான்று. பார்க்கும் பழக்கம் வீட்டில் தொடங்கவேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உத்தராயணம் தை முதல் நாளில் பிறக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22இல். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாயிருந்தன. பிறகு மெல்ல மெல்ல விலகின. இந்த மார்கழியில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று, ஒரு கோலை நட்டு, நடுப்பகல் நிழலை நாள்தோறும் சுண்ணக்கட்டியால் குறிக்கச் சொல்வோம். நிழல் எந்நாளில் குறையத் தொடங்குகிறது என்று அவர்களே கூறட்டும். பொங்கலைத் தை முதல் நாளிலேயே மனநிறைவோடு பொங்குவோம். சாமி கும்பிடும் கைதான் கோலையும் நடட்டும். வாதம் அதன் பிறகு தொடரட்டும். அது வரையில் வாய்மூடியிருப்பதே நம் எல்லோருக்கும் அழகு.