கதவும் கம்பியும்

இராஜபாளையத்து மக்களுக்கு ஆலைச் சங்கின் ஒலி புதிதன்று. 1936-ஆம் வருஷத்தில் ஸ்ரீ பி. ஏ. சி. ராமஸாமி ராஜா இராஜபாளையம் மில்லை ஸ்தாபித்தார். நூற்புத் தொழில் இன்றும் அவ்வூரில் பல குடும்பங்களுக்கு ஜீவனமளிக்கிறது. நூற்பாலையில் ஓர் இழை அறுந்தால் தொழிலாளி என்ன செய்கிறார்? அறுந்த கதிரைக் கண்டுபிடித்து இழையை இணைக்கிறார். எல்லாக் கதிர்களும் ஒருங்கே நின்றுவிட்டால்தான் மின்சாரத்தையும் மோட்டாரையும் கவனிக்கிறார்கள். ஓர் இழைக்காக யந்திரத்தையே மாற்ற வேண்டுமென்று எவரும் சொல்வதில்லை.

ஆனால் காரின் மின்சாரக் கதவுப் பூட்டு விஷயத்தில் இந்த நிதானம் நம்மிடம் காணப்படுவதில்லை. ஒரு கதவு திறக்கவில்லை என்றதும், "எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்று உத்தரவிடுகிறோம். பணம் போய்விடுகிறது, பழுது போவதில்லை.

அந்தப் பூட்டில் மாயம் ஒன்றுமில்லை. கதவுக்குள் ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டும். திசை மாறினால் திறக்கும். எனவே முதற் கேள்வி இதுதான்: பழுது எல்லாக் கதவுகளிலுமா, ஒன்றில் மட்டுமா?

எல்லாக் கதவுகளும் அசையாவிட்டால், பாட்டரி, ஃப்யூஸ், ஸ்விட்ச், ரிலே ஆகிய பொது இடங்களைப் பார்க்க வேண்டும். ரிமோட் சாவிக்கு மட்டும் பணியாமல் உள்ளேயுள்ள ஸ்விட்சுக்குப் பணிந்தால், சாவியிலுள்ள சிறு பாட்டரியையே முதலில் சந்தேகிக்கலாம். ஃப்யூஸ் எரிந்திருந்தால் அதே அளவுள்ளதையே போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

ஒரே கதவு முரண்டு பிடித்தால், கீல் அருகேயுள்ள ரப்பர் உறைக்குள் பாருங்கள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வளைந்து வளைந்து கம்பி அங்கேதான் பெரும்பாலும் அறுகிறது. கதவைப் பாதி திறந்த நிலையில் பூட்டு வேலை செய்து, மூடியதும் நின்றுவிட்டால், அறுந்த இடம் அதுவென்று ஏறக்குறைய நிச்சயிக்கலாம். கம்பி நன்றாக இருந்தால், மோட்டாருக்கு வரும் இரு கம்பிகளிடையே சோதனை விளக்கை வைத்து ஸ்விட்சை அழுத்த வேண்டும். விளக்கு மின்னினால் மின்சாரம் வருகிறது. குற்றம் மோட்டாரிலோ பூட்டிலோ இருக்கிறது.

இது வெறும் செலவுக் கணக்கன்று. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் பத்தே நிமிஷத்தில் உஷ்ணம் சுமார் 10 டிகிரி செல்ஸியஸ் ஏறக்கூடும். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சித்திரை வெயிலில் பிரயாணம் செய்தவர்களுக்கு நாம் இதை விவரிக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு குழந்தை இருந்துவிட்டால்? மின்சாரம் தவறினாலும் கதவைக் கையால் திறக்க வழி இருக்க வேண்டுமென்று, 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் புதிய கார்களுக்கு விதி ஏற்பட்டதும் இத்தகைய ஆபத்தை எண்ணியே.

விதி நல்லது, ஆனால் அந்த வழி எங்கே இருக்கிறதென்று வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அருகில் அழைத்து, ஒவ்வொரு கதவையும் கையால் திறந்து காட்டுங்கள். பின்கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் அது உள்ளிருந்து திறக்காது; முன்னிருக்கைக்கு வந்து திறக்கவும், ஹாரனை விடாமல் அழுத்தவும் பழக்குங்கள். பூட்டில் கோளாறு தெரிந்தால், "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் ஒத்திப்போடாதீர்கள்.