பாம்பன் பாலத்தைத் தூக்கும் ஒற்றை எண்

ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பறவை எப்படிப் பறக்கிறது என்று ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். கலாமுக்குப் புரியவில்லை, அதை அப்படியே சொல்லியும் விட்டார். ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை. மாலையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், பறக்கும் பறவைகளைக் காட்டியே பாடம் நடத்தினார்.

கம்ப்யூட்டர் புரோகிராமிங்கில் பல பிள்ளைகள் இன்னும் அந்தக் கரும்பலகை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதிய வரி என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. வி.ஆர். விளையாட்டு அதைக் கண்முன் கொண்டுவரும். ஆனால், யாரோ செய்த விளையாட்டை மாட்டிக்கொண்டு ஆடினால் ஆடத்தான் வரும். சின்னதாக ஒன்றைத் தானே செய்து பார்க்கும்போதுதான் புரோகிராமிங் வரும்.

இதற்கு விலை உயர்ந்த ஹெட்செட் தேவையில்லை. 2014ல் கூகுள் அறிமுகப்படுத்திய கார்ட்போர்டு வெறும் அட்டையும் இரண்டு லென்ஸும்தான். உள்ளே செருகும் ஆண்ட்ராய்டு போனில் கைரோஸ்கோப் சென்சார் இருக்க வேண்டும். சில மலிவு விலை போன்களில் அது இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள். மென்பொருளுக்கு 2015ல் மொஸில்லா வெளியிட்ட ஏ-ஃப்ரேம் இருக்கிறது. இலவசம்.

பாம்பன் பிள்ளை எதைச் செய்யலாம்? பாலத்தைத்தான்! 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில், 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி நேராக 17 மீட்டர் உயரும். ஏ-ஃப்ரேமில் ஒரு பெட்டியை வைக்க மூன்று எண்கள் போதும்: இடவலம், மேல்கீழ், முன்பின். ஓர் எண் என்பது ஒரு மீட்டர். நடு எண்ணை 0லிருந்து 17 ஆக்கிவிட்டு, கார்ட்போர்டைக் கண்ணில் வைத்து அண்ணாந்து பார்த்தால் பாலம் தலைக்கு மேலே நிற்கும்.

அடுத்து நிபந்தனை. கப்பல் வந்தால் பாலம் தூக்கு என்று மட்டும் எழுதினால், மேலே நிற்கும் ரயிலும் சேர்ந்து ஆகாயத்துக்குப் போகும். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு, 'ரயில் இல்லை என்றால்' என்று தானே சேர்க்கும். அந்த 'என்றால்'தான் ஜாவாஸ்கிரிப்டின் 'இஃப்'. (எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் அந்த வேலையை 'ஆனால்' என்ற சொல் செய்கிறது.) பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. அதையும் சேர்த்தால் இரண்டாவது 'என்றால்'.

டைப் செய்ய பள்ளியின் ஹைடெக் லேப் கம்ப்யூட்டரே வசதி. போன் பார்ப்பதற்கு மட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். தலை சுற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சின்னப் படகுகளுக்குப் பாலத்தைத் தூக்க வேண்டியதில்லை, அடியிலேயே போய்விடும். அதற்கு மூன்றாவது 'என்றால்' வேண்டும். பாம்பன் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.