யாருக்காக விழித்திருக்கிறது இரவு?

சனிக்கிழமை மாலை சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் சற்று நேரம் நின்று பாருங்கள். வேளச்சேரி சாலையில் கார்கள் வரிசை வரிசையாகப் போகின்றன. வேளச்சேரியின் பேரங்காடிகளும், பழைய மகாபலிபுரம் சாலையின் உணவு விடுதிகளும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் கேளிக்கைக் கூடங்களும் அவற்றை அழைக்கின்றன. வார இறுதியைக் கொண்டாடப் போகிறவர்கள் அவர்கள்.

அதே சாலையில், பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு இன்னொரு கூட்டமும் போகிறது. மேஜை துடைப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், கார் நிறுத்துபவர்கள், வாயில் காப்பவர்கள், கழிப்பறை சுத்தம் செய்யும் தாய்மார்கள். இவர்களுக்கு வார இறுதி என்றால் வேலை இரட்டிப்பாகும் நாள் என்று பொருள்.

இரவுக் கேளிக்கை பண்பாட்டைக் கெடுக்கிறது என்று ஒரு சாரார் கூக்குரலிடுகிறார்கள். வியாபாரம் பெருகுகிறது, வேலை கிடைக்கிறது என்று முதலாளிகள் மார்தட்டுகிறார்கள். இருவர் கண்ணிலும் தொழிலாளி படவில்லை. உழைத்துக் களைத்தவன் பாட்டுக் கேட்பதையும் நண்பர்களோடு கூடிச் சிரிப்பதையும் நாம் குறை சொல்லவில்லை. ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய ஓய்வைப் பறித்துத்தான் கிடைக்க வேண்டுமா என்பதே நமது கேள்வி.

2019 மே மாதம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக சர்க்கார் அனுமதி அளித்தது. 2022லும் 2025லும் அந்த அனுமதி நீட்டிக்கப்பட்டது. அனுமதியோடு நிபந்தனைகளும் உண்டு: நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, சுழற்சி முறையில் வார விடுமுறை, இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய எழுத்து மூலமான சம்மதம், பாதுகாப்பு, போக்குவரத்து ஏற்பாடு. ஹோட்டல் தொழிலாளர்களுக்கு 1958லேயே தனிச் சட்டம் வந்தது. வார விடுமுறை அதிலும் உண்டு. கடைத் தொழிலாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் சட்டம் திருத்தப்பட்டது.

சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அனுமதியை முதலாளி எடுத்துக்கொண்டார். நிபந்தனையை யார் கவனிப்பது? அதிகாரி பகலில் வந்தால் இரவு வேலை எப்படித் தெரியும்? காண்டிராக்ட்காரர் மூலம் வந்த தொழிலாளியின் கையில் நியமனக் கடிதம்கூட இல்லையென்றால் எந்த உரிமையை அவர் கேட்பார்?

வீடு திரும்பும் கஷ்டம் வேறு. 1931 முதல் தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடுகிறது. ஆனால் நள்ளிரவையொட்டி அது நின்றுவிட்டால் விடியற்காலையில்தான் மறுபடி வரும். மெட்ரோ இரவு 11 மணியோடு சரி. ஒரு மணிக்கு வேலை முடிந்தவர் ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய கூலியில் பெரும்பகுதி போய்விடும். கொடுக்காவிட்டால் நிலைய மேடையில் விடியும்வரை காத்திருக்க வேண்டும். கார் உள்ளவருக்குத் திறந்திருக்கும் இரவு, கார் இல்லாதவருக்கு மூடிக்கிடக்கிறது.

ஆகவே நாம் கோருகிறோம்: வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் வேளச்சேரி சாலை வழியே தாம்பரம் வரை விடிய விடிய அரசு பஸ்கள் ஓட வேண்டும். தொழிலாளர் துறை இரவிலேயே சோதனை நடத்த வேண்டும். இரவு வேலைக்குத் தனிப்படி வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் வேண்டும்.

இவை கெஞ்சிப் பெறும் சலுகைகள் அல்ல. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றிய நாள் முதல், எட்டு மணி நேர வேலை நமது முழக்கம். நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. அந்த மே தினத்தன்றே அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. ஒற்றுமையின் பலம் இதுதான்.

ஹோட்டல் தொழிலாளர்களே, கடை ஊழியர்களே! தனித்தனியாக முணுமுணுத்துப் பயனில்லை. சங்கத்தில் சேருங்கள். நகரத்தை விழித்திருக்கச் செய்கிறவர்களுக்கு நிம்மதியாக வீடு திரும்பும் உரிமை உண்டு. அதைப் போராடியே பெறுவோம்.