தொலைந்தால் போகட்டும், எண்ணை மட்டும் சொல்லுங்கள்

செம்பனைத் தோட்டத்து ஓரத்தில், ஒரு பழைய மரத்தின் வேர் இடுக்கில், மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா உங்கள் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு குறிப்பேடு, பென்சில், இரண்டு மூன்று விளையாட்டுச் சாமான்கள். கூடவே சங்கிலி கோத்த ஓர் அலுமினியத் தகடு, அதில் வண்டு போன்ற படமும் சில எழுத்துகளும் எண்களும். என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் தகட்டை எடுத்துச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அது என்னவென்று யாரும் நமக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அது 'ஜியோகேச்சிங்' என்னும் விளையாட்டைச் சேர்ந்த பொருள். ஜி.பி.எஸ். துணைக்கோள்களின் சமிக்ஞையை அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கித் தந்துகொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்த மறைப்பை நீக்கியது. நூறு மீட்டர் வரை பிசகிய இடக்கணிப்பு, ஒரே இரவில் பத்து இருபது மீட்டருக்குள் வந்துவிட்டது. அதைச் சோதித்துப் பார்க்க மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் ஒரு வாளியைப் புதைத்து வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் வெளியிட்டார். வேறு ஒருவர் தேடிப் போய்க் கண்டுபிடித்தார். விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. இன்று நம் நாடு உட்பட உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் ஒளித்து வைக்கப்பட்டுள்ளன.

அந்தத் தகட்டுக்குப் பெயர் 'ட்ரேவல் பக்'. ஒரு பெட்டியில் எடுத்து இன்னொரு பெட்டியில் வைக்க வேண்டும், எண்ணை இணையத்தில் பதிய வேண்டும். விதி அவ்வளவே. பினாங்கில் விட்ட தகடு போர்ச்சுகலில் இருப்பதை உரியவர் வரைபடத்தில் பார்த்து மகிழலாம். ஆனால் பல தகடுகள் நான்கைந்து கைகள் மாறியதும் மௌனமாகிவிடுகின்றன. எடுத்தவர் மறந்துவிடுகிறார். பெட்டியையே மழைவெள்ளம் அடித்துப் போகிறது. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் கறையானுக்கும் தாங்காமல் பெட்டி சிதைகிறது. புல்வெட்டும் இயந்திரம் மேலேறிப் போகிறது. சில நேரம் ஒரு சிறுவன் அதைத் தன் புதையலாக எடுத்துப் போய்விடுகிறான்.

உரியவர்கள் இதைத் 'திருட்டு' என்று கொதிப்பதை நான் ஏற்கவில்லை. கடைசியாக எடுத்தவருக்குக் குற்றம் சாட்டாமல் ஒரு வரி எழுதிக் கேட்கலாம். சில மாதம் பொறுக்கலாம். பிறகு 'காணவில்லை' என்று குறித்துவிட வேண்டியதுதான். இந்தத் தகடுகள் ஒரே எண் பொறித்த இரட்டையாகவே விற்கப்படுகின்றன. ஒன்று பயணத்துக்கு, மற்றது வீட்டுக்கு. தொலைந்தால் வீட்டில் இருப்பதை அனுப்பிப் பயணத்தைத் தொடரலாம். அதை உருவாக்கியவர்களே தொலையும் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் பதக்கத்தைக் கட்டி அனுப்பிவிட்டுப் பிறகு அழுவதில் பொருளில்லை.

எடுத்தவர் பக்கம்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. பொருளை வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போகவில்லை. எண்ணை மட்டும் சொல்லிவிடுங்கள். தகட்டின் விலை பெரிதல்ல. எண்ணோடு ஒட்டிய இடமும் தேதியும்தான் விலைமதிப்புள்ளவை. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் 'பெர்சிவியரன்ஸ்' ஊர்தியிலும் இப்படி ஓர் எண் இருக்கிறது. அதன் ஷெர்லாக் கருவியின் அளவைத் தகட்டில், விண்வெளித் தலைக்கவசக் கண்ணாடிக்கான பிளாஸ்டிக் துண்டோடு அது வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பொருள் இனி ஒருபோதும் பூமிக்குத் திரும்பாது. ஆனாலும் படத்தில் எண்ணைப் படித்து யாரும் பதியலாம்.

இதையெல்லாம் ஒரு விளையாட்டுக்காக மட்டும் எழுதவில்லை. புக்கிட் செந்தோசாவிலிருந்து மேற்கே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் கோலா சிலாங்கூர். அங்கே மின்மினிப்பூச்சி பார்க்கப் போகிறோம், மெலாவதி குன்றில் குரங்குக்குக் கடலை கொடுக்கிறோம் (கொடுக்கக் கூடாது என்பது வேறு கதை). குன்றின் அடிவாரத்தில்தான், மலேசிய இயற்கைக் கழகம் 1987 முதல் கவனித்துவரும் இயற்கைப் பூங்கா இருக்கிறது. அதற்கு அப்பால் சதுப்புக் கரை, வடக்கே தஞ்சோங் காராங், சிக்கிஞ்சான் வயல்கள். சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் வலசைப் பாதையில் இந்தக் கரை ஓர் ஓய்வுத்தளம். உலகில் மிகக் குறைவாகவே எஞ்சியுள்ள நோர்ட்மன் பச்சைக்கால் உள்ளானும் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது.

இப்பறவைகளில் சிலவற்றின் காலில் எண் பொறித்த உலோக வளையமும் வண்ணப் பிளாஸ்டிக் கொடியும் இருக்கும். கொடியின் நிறம் அது மாட்டப்பட்ட இடத்தைச் சொல்லும். மஞ்சள் என்றால் வடமேற்கு ஆஸ்திரேலியா, ஆரஞ்சு என்றால் விக்டோரியா, கறுப்பும் வெள்ளையும் என்றால் சாங்காய் அருகிலுள்ள சோங்மிங் தீவு. இவையும் பயணத் தகடுகள்தாம். ஆனால் இங்கே இரட்டைத் தகடு கிடையாது.

பறவைக்கு வளையம் மாட்டும் பழக்கம் புதிதல்ல. டென்மார்க்கின் விபோர்க் நகரில் ஹான்ஸ் கிறிஸ்தியன் மோர்ட்டன்சென் என்ற ஆசிரியர் 1899-இல் மைனா இனப் பறவைகளுக்கு எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். (ஆசிரியர்தான் என்பதில் எனக்குச் சிறு பெருமை.) நம் வட்டாரத்தில் பெரிய அளவில் இது நடந்தது 1963 முதல் 1971 வரை. பறவைகள் நோய்க் கிருமிகளைச் சுமந்து செல்கின்றனவா என்று அறிய, அமெரிக்க இராணுவத்தின் நிதியில் எலியட் மெக்லூர் தலைமையில் ஆசியா முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள். மலாயாவும் அதில் உண்டு. இங்கிருந்து அண்ணாந்தால் தெரியும் மலைத்தொடரில், பிரேசர் மலையில், இரவு விளக்கொளிக்கு இறங்கிய வலசைப் பறவைகளுக்கும் வளையம் மாட்டினார்கள். அவற்றில் திரும்பத் தகவல் வந்தது மிகச் சிறு பங்கு. சிறு பறவைகளில் நூற்றுக்கு ஒன்றுகூட மறுபடி அகப்படுவதில்லை என்பது இத்துறையில் எல்லாரும் அறிந்த சங்கதி.

இங்கேதான் அறிவியல் சிக்கல் தொடங்குகிறது. ஆயிரம் வளையம் மாட்டி ஐந்துக்கு மட்டும் தகவல் வந்தால், மீதி 995 என்ன ஆயின? இறந்திருக்கலாம். வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். அல்லது யாரோ கண்டெடுத்து, 'ஏதோ இரும்பு' என்று வாய்க்காலில் எறிந்திருக்கலாம். மூன்றும் நமக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்றும் வரவில்லை என்பது மட்டுமே கையில் இருக்கும்.

இதை அவிழ்க்க வட அமெரிக்க வாத்து ஆய்வாளர்கள் கையாண்ட வழி எனக்கு மிகப் பிடித்தது. சில வளையங்களில் மட்டும் 'தகவல் தந்தால் 100 டாலர் பரிசு' என்று பொறித்தார்கள். நூறு டாலர் என்றால் ஏறக்குறைய எல்லாரும் தகவல் தருவார்கள் என்பது அனுமானம். புரிவதற்கு நானே ஓர் எண் சொல்கிறேன். பரிசு வளையம் 100, சாதாரண வளையம் 100 மாட்டினோம். பரிசு வளையத்தில் 20 வந்தது, சாதாரணத்தில் 8 வந்தது. அப்படியானால் சாதாரண வளையத்தைக் கண்டெடுத்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர்தான் வாய் திறக்கிறார்கள். வராததையும் அளந்துவிட்டோம். உண்மையில் அங்கே முன்பு மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே தகவல் தந்தார்கள். 1990களின் நடுவில் வளையத்தில் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைப் பொறித்த பிறகு அது 70 விழுக்காட்டைத் தாண்டியது. மக்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. வழி எளிதானது, அவ்வளவுதான்.

வராத பறவை எவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லும் என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். வடமேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் அருகே கிரேட் நாட், ரெட் நாட், பட்டைவால் மூக்கன் ஆகிய மூன்று இனங்களுக்கு வண்ண வளையம் மாட்டி ஆண்டுதோறும் கவனித்து வந்தார்கள். 2011-க்குப் பிறகு மூன்றுமே குறைவாகத் திரும்பின. ஆஸ்திரேலியாவில் தங்கும் மாதங்களில் அவை நன்றாகவே உயிர்வாழ்ந்தன. வடக்கே போன காலத்தில்தான் சாவு கூடியது. மூன்றுக்கும் பொதுவான வழித்தங்கல் மஞ்சள் கடலின் சேற்றுக்கரை. அங்கே கரையைத் தூர்த்துத் தொழிற்பேட்டைகளாக்கிக் கொண்டிருந்தார்கள். தென்கொரியாவின் சேமாங்கும் கடற்சுவர் 2006-இல் மூடப்பட்டபோதும் இப்படித்தான். அங்கிருந்த கிரேட் நாட்டுகள் பக்கத்துக் கரைகளுக்கு இடம் மாறிக்கொள்ளும் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அவை அங்கே போய்ச் சேரவில்லை. 2019-இல் சீனா தன் மஞ்சள் கடற்கரையின் ஒரு பகுதியை உலக மரபுச் சின்னமாகப் பதிவு செய்ததற்குப் பின்னால் இத்தகைய கணக்குகளின் பங்கும் உண்டு.

ஆனால் கவனியுங்கள். 'வரவில்லை' என்பதைச் சான்றாகக் கொள்ள முடிந்தது எதனால்? வந்திருந்தால் நிச்சயம் பார்த்துப் பதிந்திருப்பார்கள் என்ற நம்பிக்கை புரூமில் இருந்தது. நம் கரையில் அந்த நம்பிக்கை இன்னும் போதாது. சதுப்பில் ஒரு மஞ்சள் கொடி நின்றால், அதைப் படமெடுத்து அனுப்ப எத்தனை பேர்? வார இறுதியில் கேமராவோடு வரும் பறவை ஆர்வலர்கள் சிலர். வயலில் தினமும் நிற்பவர்களும், மீன்பிடிப் படகில் போகிறவர்களும், தோட்டத்துக் கால்வாயில் இறந்த பறவையைக் காண்பவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. நாளை இந்தக் கரையில் ஒரு பகுதியைத் தூர்க்கலாமா என்று பேச்சு வரும்போது, 'இங்கே முக்கியமான பறவை எதுவும் பதிவாகவில்லை' என்ற ஒரு வரி போதும். பதிவாகவில்லை என்பது இல்லை என்று ஆகிவிடும்.

வளையத்தில் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலம், அதுவும் சுருக்கம். தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்கள் அதைப் படித்து மின்னஞ்சல் அனுப்புவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த வேலை பள்ளிப் பிள்ளைகளுடையது. அவர்கள் கையில்தான் கைப்பேசி இருக்கிறது. அறிவியல் கழக ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். எண் எழுதிய அட்டைகள் நாற்பது செய்து பள்ளி முழுக்க ஒளித்து வையுங்கள். இருபதில் 'கொண்டு வந்தால் பேனா பரிசு' என்று எழுதுங்கள், இருபதில் 'எண்ணைத் தெரிவிக்கவும்' என்று மட்டும் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணுங்கள். வாத்து ஆய்வாளர்களின் சூத்திரத்தைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். எத்தனை நண்பர்கள் அட்டையைப் பென்சில் பெட்டியில் போட்டு மறந்தார்கள் என்பதையும்தான்.

இனி, உங்கள் கண்ணில் வளையமிட்ட பறவை பட்டால்: உயிரோடு இருக்கும் பறவையைப் பிடிக்க வேண்டாம், வளையத்தைக் கழற்றவே வேண்டாம். படமெடுங்கள். கொடி எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, இரண்டு கொடி என்றால் எது மேலே, எழுத்து இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறங்களின் வரிசை மாறினால் நாடே மாறிவிடும். இறந்த பறவை என்றால் வெறுங்கையால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் அச்சம் உண்டு. குச்சியால் காலைத் திருப்பி எண்ணைப் படமெடுத்தால் போதும். தேதி, இடம் சேர்த்து மலேசிய இயற்கைக் கழகத்துக்கோ பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்கோ அனுப்புங்கள். எங்கே, எப்போது வளையம் மாட்டப்பட்ட பறவை என்று பெரும்பாலும் பதில் வரும்.

பறவைகள் ஆகஸ்டு, செப்டம்பரில் வரத் தொடங்கி ஏப்ரல் வாக்கில் கிளம்பும். நீர் வற்றியிருக்கும்போது போனால் சேற்றில் தொலைவில் புள்ளிகளாகத்தான் தெரியும். கடல் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள். அலை அவற்றைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும், சாதாரண இருகண்ணோக்கியிலேயே காலின் நிறம் தெரியும்.