ஏலத்தில் யார் கை உயர வேண்டும்?

சிறிய கலைவிழா ஒன்றை இரண்டு நாள் நடத்துவதற்கே சில லட்சங்கள் தேவைப்படுகின்றன. அரங்க வாடகை, ஒலி, ஒளி, வெளியூர்க் கலைஞர்களின் பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு என்று பட்டியல் நீளும். சாதி எதிர்ப்புக் கலைவிழா என்றால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நிறுவனங்களிடம் போனால் அழைப்பிதழில் ‘சாதி’ என்ற சொல்லைத் தவிர்க்க முடியுமா என்கிறார்கள். கட்சிக்காரர்களிடம் போனால் மேடையில் நாற்காலி கேட்கிறார்கள். இதனால்தான் ஓவியங்களை ஏலம் விட்டு நிதி திரட்டலாம் என்ற யோசனை நம் தோழர்களிடம் வலுப்பெற்று வருகிறது. இதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் சில நிபந்தனைகளைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்தாக வேண்டும்.

நம் ஊர்களில் திருவிழாப் பணத்துக்கும் சாதி உண்டு. தலைக்கட்டு வரி கொடுக்கிறவர்தான் திருவிழாவில் பங்காளி. அவருக்குத்தான் மரியாதை, அவருக்குத்தான் தேர்வடம். சேரியிலிருந்து வரி வாங்க மாட்டோம் என்று சொல்வது, நீங்கள் இந்த ஊரில் சேர்த்தி இல்லை என்று சொல்வதுதான். எங்களிடமும் வரி வாங்கு என்று தலித் மக்கள் போராட வேண்டியிருப்பதன் பொருள் இதுவே. ஏலமும் அப்படித்தான். கண்மாய் மீனும் புளியமரமும் பொதுச்சொத்து என்பார்கள். ஏலம் கேட்க ஒரு தலித் கையைத் தூக்கினால் ஊர்க்கட்டுப்பாடு வந்துவிடும். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போது ஊராட்சித் தலைவர் பதவியையே ஏலம் விட்டதாகச் செய்திகள் வந்தன. பணம் இருக்கிறவனுக்கு ஊர் என்பதை ஏலம் என்ற வடிவம் எவ்வளவு எளிதாகச் சட்டமாக்கிவிடுகிறது என்பதை நாம் அறிவோம். அதே வடிவத்தைக் கையில் எடுக்கும்போது கவனம் வேண்டும்.

நிதி திரட்டலில் வரலாறும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1933-34இல் காந்தி ‘ஹரிஜன’ யாத்திரை போனபோது, பெண்கள் கழற்றிக் கொடுத்த நகைகளையும் தனக்கு வாசித்தளித்த வரவேற்புப் பத்திரங்களையும் கூட்டத்திலேயே ஏலம் விட்டார். அந்த நிதி தீண்டப்படாத மக்களின் பெயரால் திரட்டப்பட்டது. ஆனால் அதைச் செலவிடும் ஹரிஜன சேவக் சங்கத்தின் நிர்வாகம் சாதி இந்துக்களிடம் இருந்தது. இது அவர்கள் செய்யும் பரிகாரம், ஆகவே அவர்களே நடத்த வேண்டும் என்பது காந்தி தரப்பின் நியாயம். தொடக்கத்தில் அதன் குழுவில் இருந்த அம்பேத்கர் வெளியேறினார். 1945இல் வெளிவந்த, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்ட நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாக விமர்சித்தார்.

அதற்காக வெளியார் பணமே வேண்டாம் என்று அவர் இருந்துவிடவில்லை. 1920இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது கோலாப்பூர் சாகு மகாராஜாவின் 2,500 ரூபாய் உதவியைப் பெற்றுக்கொண்டார். இதழ் என்ன பேச வேண்டும் என்பதை அம்பேத்கரே முடிவு செய்தார். நம் விழாவுக்கும் இதுவே அளவுகோல். அதிக விலைக்கு ஓவியம் வாங்கியவருக்கு ஓவியம் கிடைக்கும். மேடையோ, நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியோ, யாரை அழைக்கலாம் என்று சொல்லும் உரிமையோ கிடைக்கக் கூடாது.

இதைவிட முக்கியமான கேள்வி ஓவியரைப் பற்றியது. “இயக்கத்துக்காக ஒரு படம் கொடுங்க தோழர்” என்று கேட்பது நமக்கு எளிது. முதல் தலைமுறையாகக் கவின்கலைக் கல்லூரிக்குப் போன ஒருவருக்குத் துணி, வண்ணம், சட்டம் எல்லாம் கைக்காசு. ஒரு மாத உழைப்புக்குக் கூலி கிடையாது. பறையடிப்பதை ஊருக்குச் செய்யும் கடமையாக்கி, கூலி இல்லாமலும் அற்பக் கூலிக்கும் வாங்கிய சமூகம் இது. அடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் நம் போராட்ட வரலாற்றின் பகுதி. அந்த மரபில் வந்த நாம், உணர்வின் பெயரால் ஓசியில் கலையை வாங்கக் கூடாது. விற்ற தொகையில் பாதியாவது ஓவியருக்குப் போக வேண்டும். விரும்பினால் அவர் அதைத் திருப்பித் தரட்டும். அது அவர் முடிவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 படைப்புகள் சராசரி 6,000 ரூபாய்க்குப் போனால் 2,40,000. பாதியை ஓவியர்களுக்குக் கொடுத்த பிறகும் விழாவுக்கு 1,20,000 மிஞ்சும். பற்றாக்குறையை உண்டியலிலும் சிறு நன்கொடையிலும் ஈடுகட்டலாம். ஓவியர்களின் பங்கைப் பிடுங்கி ஈடுகட்ட வேண்டியதில்லை.

சட்டத்தையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, ஓர் அசல் ஓவியம் பின்னாளில் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அந்த விலையில் பங்கு கேட்கும் உரிமை ஓவியருக்கு உண்டு. அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் உண்டு. பங்கின் உச்சவரம்பு 10 விழுக்காடு. இன்று நம்மிடம் 5,000 ரூபாய்க்குப் போகும் படம் இருபது ஆண்டு கழித்துப் பல லட்சத்துக்குப் போகலாம். விற்பனை ரசீதில் ஓவியரின் பெயர், ஆண்டு, விலை, இந்த உரிமை எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கலையைச் சந்தையில் நிறுத்தலாமா என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் நிலமே, ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் வாங்கியதுதான். பரம்பரைச் சொத்து இல்லாதவர்களுக்கு விற்பனை என்பது கலைஞராக நீடிப்பதற்கான வழி. ஆனால் இந்தக் கேள்வியின் இன்னொரு பாதி நியாயமானது. நம் மக்களின் வாழ்வைப் பேசும் ஓவியம், நம் மக்கள் நுழைய முடியாத வரவேற்பறையில் போய்த் தொங்கிவிடாதா? மாத உதவித்தொகையில் வாழும் ஆய்வு மாணவன் நான். 50,000 ரூபாய் ஏலத்தில் என் கை உயராது. 300 ரூபாய்க்கு ஓர் அச்சுப்படி இருந்தால் வாங்குவேன். என் விடுதி அறைச் சுவரில் இடமிருக்கிறது.

ஆகவே ஏலத்தோடு அச்சுப்படிகளும் இருக்கட்டும். ஒரு தெரு, ஒரு விடுதி, ஒரு படிப்பு வட்டம் சேர்ந்து கூட்டாக ஏலம் கேட்க விதியில் இடம் கொடுப்போம். வாங்குகிறவர், அடுத்த விழாக்களில் காட்சிக்கு வைக்க ஓவியத்தைத் தருவதாகக் கையெழுத்திடட்டும். ஏலத்துக்கு முன் ஒரு நாள், எல்லாப் படங்களும் பகுதி மக்கள் வந்து பார்க்கும்படி நம் குடியிருப்பின் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ இருக்கட்டும். விலை கேட்க வருகிறவருக்கு முன்னால் அவர்கள் பார்க்க வேண்டும்.

2018 டிசம்பரில், சபாக்களின் மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் அதே சென்னையில், வானம் கலைத் திருவிழா தொடங்கியபோது நமக்கும் ஒரு மேடை சாத்தியம் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட மேடைகள் சிறிய ஊர்களிலும் வர வேண்டும். வந்தால், விழாவின் கடைசி நாளில் வரவும் செலவும் ஓவியர்களுக்குக் கொடுத்த தொகையும் நுழைவாயிலில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். நம்மிடம் வரி வாங்க மறுத்த ஊருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு தாளிலேயே யாரும் படித்துக்கொள்ளலாம்.